நீதிபதிக்கு நான் போர்த்திய பொன்னாடை

"எல்லாரும் எழும்புங்கள்" என்று கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் குரல் கொடுத்தார். எழும்பினோம்.

மேடைக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. தலையில் வெள்ளை மயிர்த்தொப்பி, உடம்பில் அங்கி, மூக்கின் நுனியில் கண்ணாடி. உள்ளே வந்தவரைக் கண்டதும் என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே மேலே போய்க் கும்பிட்டு விட்டன. வாயும் சும்மா இருக்கவில்லை.

"வணக்கம் அண்ணை" என்றேன்.

லண்டனின் நடுவில் இருக்கிற அந்தப் பெரிய கோர்ட்டில் அதற்கு முன் யாராவது நீதிபதியை 'அண்ணை' என்று கூப்பிட்டிருப்பார்களோ தெரியாது. பக்கத்தில் நின்ற என் மனைவி பவானி என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "கையை இறக்குங்கோ! கும்பிடக் கூடாதெண்டு வக்கீல் ஜெயராஜ் எத்தனை தரம் சொன்னவர்?"

இதைவிடப் பெரிய பிழை மேலே நடந்தது. நீதிபதியின் வலது கையும் பதில் வணக்கத்துக்காக நெஞ்சுவரை வந்து, நடுவழியில் நின்று, பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரி செய்வதுபோல நடித்தது. எதிர்ப்பக்க வக்கீல் அதைக் கண்டுவிட்டார். அன்றைக்கு அந்த அறையில் முடிவாகப் போனது அப்டன் பார்க்கில் இருந்த என் பலசரக்குக் கடையின் தலைவிதி. தோற்றால் கடை போய்விடும். ஒன்பது வருச உழைப்பும் அதோடு போய்விடும்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய பெற்றோல் ஷெட் கதை முழுப் பொய் என்று செவன் கிங்ஸ் பகுதி வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சரி, கொஞ்சம் கூட்டித்தான் எழுதினேன். ஆனால் இந்தக் கிழமை எழுதுவதற்குக் கோர்ட்டே சாட்சி. நீதிபதியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எங்கள் சனம் அவரை எப்போதும் 'ஐரிஷ் அண்ணை' என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

எட்டுக் கோப்பைத் தேத்தண்ணி

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் குடியிருந்தோம். எட்டுப் பேரின் விசாப் பைலும் குடிவரவுக் கந்தோரில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவு தட்டுப்பட்டாலே நெஞ்சு பக்கென்று இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு உட்காருகிறோம், கதவு தட்டுப்படுகிறது. திரையை விலக்கிப் பார்த்த ஒருவன், "கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன்! கையிலை பைல்!" என்றான்.

அவ்வளவுதான். ஒருவன் அலுமாரிக்குள். இரண்டு பேர் கட்டிலுக்குக் கீழே. மூன்று பேர் பின் வளவுக்குள். ஒருவன் குளியல் தொட்டியில் படுத்துத் திரையை இழுத்து மூடிவிட்டான். ஒளிக்க இடம் மிச்சம் இல்லாததால் நான் மட்டும் கூடத்தில் நின்றேன்.

கடிதம் போடுகிற ஓட்டையால் ஒரு குரல் வந்தது. அது இழுத்து இழுத்து, பாட்டுப் பாடுவதுபோல வரும் ஐரிஷ் ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்தில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, நான் விசா ஆள் இல்லை. கவுன்சில் தேர்தலுக்கு வோட்டுக் கேக்க வந்தனான்."

"எங்களுக்கு வோட்டு இல்லை" என்றேன்.

"எந்த நாடு?"

"சிலோன்."

"அப்ப இருக்கு! பொதுநலவாய நாட்டுக்காரருக்கு வோட்டுப் போட உரிமை இருக்கு. நான் அயர்லாந்துக்காரன், எனக்கு வோட்டுக் கேக்க உரிமை இருக்கு. ரெண்டு பேருக்கும் இந்த ஊர் சொந்த ஊர் இல்லை. ஆனா உங்கடை வாசலிலை தேங்கி நிக்கிற தண்ணி ரெண்டு பேற்றை சப்பாத்துக்குள்ளையும்தானே போகுது?"

கதவைத் திறந்தேன். உள்ளே வந்த மனுசன் மேசையைப் பார்த்தார். எட்டுக் கோப்பைத் தேத்தண்ணி ஆவி பறக்க இருந்தது. ஆள் என்று பார்த்தால் நான் ஒருவன். கோப்பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உமக்குத் தேத்தண்ணி எண்டா நல்ல விருப்பம் போலை" என்றார்.

ஒரு கோப்பையை எடுத்து ஆறுதலாகக் குடித்தார். வடிகாலைப் பற்றிக் கதைத்தார். போகும்போது மேசையில் எட்டு நோட்டீசுகளை எண்ணி வைத்தார். பிறகு படிக்கட்டடியில் நின்று, மேல்மாடியைப் பார்த்து, "பொடியள், பயப்பிடாதேங்கோ. நான் போறன்" என்றார்.

குளியலறைத் திரைக்குள் இருந்து "தாங்க்யூ சேர்" என்று பதில் வந்தது.

அடுத்த கிழமை வடிகால் திருத்த ஆட்கள் வந்தார்கள். தேர்தலில் எட்டுப் பேரும் அவருக்கே வோட்டுப் போட்டோம். குளியல் தொட்டியில் படுத்தவன் தன்னோடு வேலை செய்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் போடுவித்தான்.

அவருடைய பூர்வீகம் பிறகுதான் தெரிய வந்தது. அயர்லாந்தில் பால்மாடு வைத்திருந்த குடும்பம். இளவயதிலேயே அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்குப் போனவர். ஒரு தவணை இருந்தார். அடுத்த தேர்தலில் சொந்த மச்சானே எதிராக நின்று இவரை விழுத்திவிட்டான். அந்த வெட்கத்தில் கப்பலேறி லண்டன் வந்து, சட்டம் படித்து, பகலில் வக்கீல், பின்னேரத்தில் கவுன்சிலர் என்று ஓடிக்கொண்டிருந்தார். மச்சான் விழுத்திய கதையைக் கேட்டதும் எங்கள் சனத்துக்கு அவர்மேல் பாசம் பொங்கி வழிந்தது. எங்களில் மச்சானோடு கோபம் இல்லாதவன் யார்?

"போயிட்டு வாறன்"

அவருடைய ஊரில் ஒரு வழக்கமாம். அரசியல்வாதி கலியாண வீட்டுக்கு வராவிட்டால் மன்னிப்பார்கள், செத்தவீட்டுக்கு வராவிட்டால் அந்தக் குடும்பத்து வோட்டு மூன்று தலைமுறைக்குக் கிடையாதாம். இதைக் கேட்டபோது இவர் அயர்லாந்துக்காரரா அல்லது பருத்தித்துறைக்காரரா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆகவே எங்கள் பகுதியில் ஒரு உயிர் போனால், பூக்கடைக்காரனுக்கு முன்னால் ஐரிஷ் அண்ணை வந்து நிற்பார். சப்பாத்தைக் கழற்றுவார். நிலத்தில் இருப்பார். செத்தவரின் ஒன்றுவிட்ட தம்பியின் பெயர்வரை ஞாபகம் வைத்திருப்பார். மெச்சத்தான் வேண்டும்.

இப்படியான ஆளுக்கு யாரோ ஒரு தமிழ் வசனம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டை விட்டுப் புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று சொன்னால் தமிழருக்கு நல்ல சந்தோசம் என்று. எங்கே சொல்லக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

செத்தவீட்டில் அப்படிச் சொல்லி விடைபெறுவது எங்களுக்குள் ஆகாத காரியம். சத்தம் போடாமல் எழும்பி வந்துவிட வேண்டும். இவரோ ஒரு பெரியவரின் செத்தவீட்டில், கூடம் நிறையச் சனம் இருக்க, மூத்த மகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மேடையில் பேசுகிற குரலில், "போயிட்டு வாறன்!" என்றார்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"ஐயோ கடவுளே, இனி ஆற்றை செத்தவீட்டுக்கு வரப் போறாராம்?" என்று ஒரு மாமி கேட்டா.

அடுத்த மாதமே அந்தப் பெரியவரின் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐரிஷ் அண்ணை தவறாமல் வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே அரசியல்வாதி என்று அவருக்கு ஊருக்குள் பெயர் வந்தது. அதற்குப் பிறகு செத்தவீட்டில் அவர் எழும்பினால் உடனே இரண்டு பேர் பாய்ந்து போய், அவர் வாயைத் திறக்க முதல் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

கருவாட்டு வழக்கு

பிறகு நானும் பிளேஸ்டோ வீட்டை விட்டு, பவானியைக் கலியாணம் செய்து, அப்டன் பார்க்கில் கடை போட்டேன். தொண்ணூறுகளில் அவரை நீதிபதியாக்கினார்கள், அதுவும் பெரிய கோர்ட்டில். கட்சி, கவுன்சில் எல்லாவற்றையும் அவர் அதற்கு முன்னரே விட்டுவிட்டார். ஆனால் முப்பது வருசம் கை குலுக்கிப் பழகிய மனுசன் சும்மா இருப்பாரா? சனிக்கிழமைகளில் என் கடைக்கு வருவார். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற போகிற எல்லாருக்கும் கை குலுக்குவார்.

"இப்ப ஏன் அண்ணை? தேர்தல் இல்லையே" என்பேன்.

"கோர்ட்டிலை ஒருத்தரும் கிட்ட வாறேல்லை, குணம். நான் சிரிச்சாத்தான் அவை சிரிக்கினம். நான் இருமினா எழுதுகினம். கை அரிக்குது" என்பார். குணரத்தினமாகிய என்னை அவர் 'குணம்' என்றுதான் கூப்பிடுவார்.

இந்தக் காலத்தில்தான் என் கடை இருந்த கட்டடத்தை ஒரு கம்பனி வாங்கியது. மேல்மாடியைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டார்கள். குடிவந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பனிக்கு முறையிட்டார்கள். கம்பனி எனக்குக் கடிதம் போட்டது. கருவாடு நாறுகிறதாம்.

நாறாமல் பின்னே? அது கருவாடு. அதுவும் என் கடையின் கட்டா மீன் கருவாடு. அதை வாங்கத்தான் தூரத்து லூட்டனில் இருந்தும் சனம் காரில் வந்தது. கருவாடு வாங்க வருகிற சனம்தான் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கிக்கொண்டு போகும். கருவாட்டை எடுத்துவிட்டால் கடையை எடுத்த மாதிரித்தான். நான் பதில் போட்டேன், அவர்கள் வழக்குப் போட்டார்கள். கருவாட்டையும் நிறுத்த வேண்டும், கடையையும் விட்டுவிட்டு எழும்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

பவானி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இந்தக் கடை போனா நான் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு உடுப்புத் தோய்க்கவே போறது?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

எங்கள் வக்கீல் ஜெயராஜ். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தங்கச்சியின் கலியாணத்துக்கென்று அவர் ஊருக்குப் போயிருந்த நேரம், அவருடைய கந்தோர்ப் பிள்ளை எனக்குப் போன் எடுத்தது. வழக்குக்கு நாள் குறித்துவிட்டார்கள், இந்த நீதிபதியிடம்தான் வரும் போலிருக்கிறது என்று பெயரையும் சொன்னது.

நான் போனை வைத்துவிட்டுக் கருவாட்டுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் ஐரிஷ் அண்ணையின் பெயர்.

ஒன்பது நாளில் ஒரு விழா

இனி எழுதப் போவது எனக்குப் பெருமையான விசயம் இல்லை.

அப்போது நான் எங்கள் பகுதித் தமிழர் சங்கத்துக்குத் தலைவர். செயலாளர் செல்லத்துரை மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். மாதம் ஒருவருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் அவருக்கு உடம்புக்கு ஏதோ செய்யும். கார் ஓட்டப் பழகிப் பாஸ் பண்ணியவர்களுக்கெல்லாம் போர்த்தியிருக்கிறார்.

"மாஸ்டர், ஐரிஷ் அண்ணை ஜட்ஜா வந்து இவ்வளவு காலமாச்சு. சங்கம் ஒண்டும் செய்யேல்லையே?" என்று தொடங்கினேன்.

"ஓம், செய்யத்தான் வேணும். ஏன் குணம், திடீரெண்டு?"

"ஒரு மரியாதைதானே."

"எப்ப வைப்பம்? தைப்பொங்கலோடை?"

"இல்லை இல்லை. வாற சனிக்கு அடுத்த சனி."

"அதென்ன அவசரம்?"

"பேந்து ஹோல் கிடைக்காது."

மனசுக்குள் ஒரு கள்ளன் இருந்தான். நான் அவனிடம், 'நீ சும்மா இரு, இது வெறும் மரியாதை' என்று சொன்னேன். அவனும் 'ஓம் ஓம், மரியாதைதான்' என்று சொல்லிச் சிரித்தான்.

பவானியிடம் இந்தக் காதில் பூச்சுற்றும் வேலை எடுபடவில்லை. "உங்களுக்கு மண்டை கழண்டு போச்சே? அந்த மனுசன்தானே வழக்கைக் கேக்கப் போறார்?"

"மரியாதைக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லையெண்டா வழக்கு முடிஞ்ச பிறகு போர்த்துங்கோ."

நான் மாலைக்குப் பூ வாங்கப் போய்விட்டேன்.

விழா செவன் கிங்ஸில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நாலு மணிக்கு என்று போட்டிருந்தோம், ஐரிஷ் அண்ணை நாலு மணிக்கே வந்துவிட்டார், பாவம். மண்டபத்தில் இருந்தது அவரும் கதிரை அடுக்குகிறவரும்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து கதிரை அடுக்கினார்கள். ஆறு மணிக்கு விளக்கு ஏற்றினோம். வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. மாஸ்டர் தானே எழுதிய வாழ்த்துப்பாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இருபத்திநாலு அடியையும் பாடி முடித்துத்தான் கொடுத்தார்.

தலைவர் என்ற முறையில் முதல் பொன்னாடை என்னுடையது. சரிகை போட்ட மஞ்சள் சால்வை. போர்த்தும்போது படம் பிடிக்கிறவர் "இன்னொருக்கா" என்றார். இன்னொருக்கா போர்த்தினேன். பிறகு மேடையில் ஏறிய பத்துப் பேரும் ஆளுக்கொன்று போர்த்த, கடைசியில் சால்வைக் குவியலுக்கு மேலே ஐரிஷ் அண்ணையின் சிவந்த மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

மைக்கைக் கொடுத்தோம். பல வருசமாக மைக் பிடிக்காத அரசியல்வாதி. ஒரு மணித்தியாலம் பேசினார். மச்சான் விழுத்திய கதையைச் சொன்னார். நடுவில் குரல் தழுதழுத்து, "என்ரை ஊரிலை எனக்கு இப்பிடி ஒருத்தரும் செய்யேல்லை" என்றார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன், ஆனால் நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.

ஜெயராஜ் தலையில் கை வைத்தார்

படம் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. நான் சால்வையோடு, அவர் கழுத்தோடு. ஈப்போவில் இருந்து திரும்பி வந்த ஜெயராஜிடம் அதைப் பெருமையோடு நீட்டினேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தலையில் கை வைத்தார்.

"என்னா அண்ணே செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"ஏன், எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தானே. நல்லதுதானே?"

"தெரிஞ்ச ஆளுன்னா அவர் இந்தக் கேஸக் கேக்கவே கூடாதுண்ணே! நல்ல ஜட்ஜு கெடச்சிருந்தாரு. நீங்களே சால்வைய போட்டு மூடி வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."

நான் பத்திரிகையை மெல்ல மடித்தேன்.

"அது மட்டும் இல்ல. கேஸுக்கு முன்னாலயே ஜட்ஜுக்கு மால போட்டு, சாப்பாடு போட்டு வளைக்கப் பாத்தாருன்னு அந்தப் பக்கம் சொன்னா? கடையும் போயிடும், உங்க பேரும் போயிடும். கோர்ட்ட அவமதிச்சீங்கன்னு உள்ள வெச்சாலும் வெப்பாங்க. நாளைக்குக் காலையில நான் வெச்சிருக்கற பெரிய வக்கீலே எந்திரிச்சு உண்மையச் சொல்லிடுவாரு. நீங்க வாயத் தொறக்காதீங்க. தயவு செஞ்சு கும்பிடாதீங்க."

கும்பிட்டேன் என்பதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேனே.

வடையும் பதிவாகட்டும்

கண்ணாடியைச் சரி செய்த கை கீழே இறங்கியது. நீதிபதி உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். ஜெயராஜ் அமர்த்தியிருந்த பெரிய வக்கீல் எழும்பி வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி இருத்திவிட்டார்.

"முதல்லை நான் கதைக்க வேணும்" என்றார். "பிரதிவாதி குணரத்தினத்தை எனக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் எண்டதை ரெண்டு பக்கமும் அறிய வேணும். எல்லாத்தையும் எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதுகிறவர் பேனாவை எடுத்தார்.

"இவற்றை மகளுக்குப் பேர் வைச்ச அண்டு நான் அங்கை இருந்தனான். பிள்ளை என்ரை கழுத்துப்பட்டியிலை சத்தி எடுத்தது. இவற்றை மாமியாற்றை செத்தவீட்டிலை முன்வரிசையிலை இருந்தனான். இவற்றை வீட்டுக் கக்கூஸின்ரை பூட்டு பழுது. அதுக்குள்ளை ஒருக்கா இருபது நிமிசம் அடைபட்டு இருந்தனான். எத்தினையோ வடை சாப்பிட்டிருக்கிறன், கணக்குத் தெரியாது. போன மாதம் இவர் எனக்கு ஒரு மஞ்சள் சால்வை போர்த்தினவர். அதைப் பையிலை கொண்டு வந்திருக்கிறன். ரெண்டு தரம் போர்த்தினவர், ஆனா சால்வை ஒண்டுதான்."

எதிர்ப்பக்க வக்கீல் மெல்ல எழும்பினார். "கனம் நீதிபதி அவர்களே, வடையை நாங்கள் ஒரு பிரச்சினையாகக் கருதவில்லை."

"நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை" என்றார் நீதிபதி. "இன்னும் ஒண்டு இருக்கு. இந்த வழக்கு நடக்கிறதே கருவாட்டைப் பற்றித்தான். அந்தக் கருவாட்டை நான் பல தரம் பொரிச்சுச் சாப்பிட்டிருக்கிறன். என்ரை மனுசியும் மூக்கைப் பொத்தினவ. ஆகவே இந்த விசயத்திலை எனக்கு ரெண்டு பக்கத்திலையும் சார்பு இருக்கு."

பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இந்த வழக்கை நான் கேக்க ஏலாது. விலகிறன். இது வேறை நீதிபதிக்குப் போகும்."

தொப்பியைக் கழற்றினார். மேசையில் வைத்தார். எழும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தோம். அவர் நின்றார்.

"விலகிட்டன். இப்ப சாதாரண மனுசனா ஒண்டு சொல்லுறன். விழாவைப் பற்றி ஆரும் பிழையா நினைச்சுப்போடக் கூடாது. இத்தினை வருசத்திலை குணரத்தினம் என்னட்டை தனக்கெண்டு ஒண்டும் கேட்டதில்லை. கள்ளம் கபடம் இல்லாத மனுசன். என்ரை சிநேகிதன்."

எதிர்ப்பக்க வக்கீல் தலையை ஆட்டி, "எங்களுக்கு ஆட்சேபனை ஒன்றும் இல்லை" என்றார். அவ்வளவோடு என் மேலிருந்த கத்தி போயிற்று. ஜெயராஜ் பெருமூச்சு விட்டது மூன்று வாங்குக்குக் கேட்டது.

எனக்கோ நிலம் வெடித்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நீதிபதி யார் என்று தெரிந்த பிறகுதான் நான் சால்வை வாங்கினேன் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒன்று நான். மற்றது பவானி. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

இரண்டு கிழமையில் வழக்கு வேறு நீதிபதியிடம் வந்தது. மெலிந்த, கடுகடுத்த மனுசர். வாசனை எப்படி என்று பார்க்க வேண்டும் என்றார். கட்டாக் கருவாட்டை ஒரு டப்பாவில் வைத்து நீட்டினோம். மூடியைத் திறந்தார். கோர்ட் பத்து நிமிடம் ஒத்தி வைக்கப்பட்டது. நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்தவர், டப்பா மூடியிருந்தவரை தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றும், ஆகவே கருவாடு இனி மூடியுள்ள பெட்டியில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். மேலே மணம் போவது பின்சுவரின் உடைந்த காற்றுக்குழாயால்தான், அதைக் கம்பனி திருத்த வேண்டும் என்றும் சொன்னார். கடை எங்களுக்கே இருக்கட்டும் என்றார். பவானி கோர்ட் வாசலில் நின்று அழுதாள். நானும்தான்.

கடைக்கு வந்தவர்

வழக்கு முடியும்வரை ஐரிஷ் அண்ணை கடைப் பக்கம் வரவில்லை. முடிந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வெங்காய மூட்டையடியில் நின்ற மூன்று பேருக்குக் கை குலுக்கினார். அரை றாத்தல் நெத்தலிக் கருவாடு கேட்டார்.

நான் நெத்தலியை அள்ளாமல் நின்றேன். பவானி கல்லாவில் இருந்து, "சொல்லுங்கோ" என்றாள். ஒரு சொல்தான்.

"அண்ணை, கோர்ட்டிலை நீங்கள் சொன்னது பிழை" என்றேன். "வழக்கு உங்களிட்டை வருகுது எண்டு தெரிஞ்ச பிறகுதான் நான் விழா வைச்சனான். நான் கள்ளம் இல்லாதவன் இல்லை."

அவர் ஆச்சரியப்படவில்லை. நெத்தலிப் பெட்டியின் புது மூடியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமோ?"

"உங்கடை சங்கம் ஒரு அனுதாபக் கூட்டம் வைக்க ஏழு மாசம் எடுக்கும். எனக்கு ஒன்பது நாளிலை மண்டபம், மாலை, டான்ஸ், பதினொரு சால்வை! அண்டைக்கே நினைச்சன், இதுக்குள்ளை ஏதோ ஒரு சோலி இருக்குதெண்டு. பேந்து வழக்குப் பட்டியல் கைக்கு வந்தது. உம்மடை பேரைக் கண்டன்."

நான் விடாமல் கேட்டேன். "தெரிஞ்சுகொண்டும் ஏன் அப்பிடிச் சொன்னியள்? நீங்கள் ஒரு ஜட்ஜ்."

"வடிவா யோசிச்சுப் பாரும், குணம். விலகிறன் எண்டு சொன்னது ஜட்ஜ். அதுக்குப் பிறகு தொப்பியைக் கழட்டினனான் எல்லே? நல்ல மனுசன் எண்டு சொன்னது பழைய அரசியல்வாதி."

பவானி கல்லாவில் இருந்து சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது.

நான் அள்ளிக் கட்டிய நெத்தலிப் பையை அவர் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம்.

"வோட்டுக் கேட்ட காலத்திலை நான் மேடையிலை சொன்னதிலை பாதி பொய், குணம். உம்மைப் பற்றிச் சொன்னது ஒண்டாவது உண்மையா இருக்கட்டும். கொஞ்சம் பாத்து நடந்துகொள்ளும்."

"ஓம் அண்ணை" என்றேன்.